மெயின் சுவிட்ச்

இரவு பத்து மணி ஆனால் எங்கள் லைன் வீட்டில் கரண்ட் போய்விடும். நிறுத்துவது மின்வாரியம் இல்லை. வீட்டுக்காரம்மா தன் திண்ணையில் இருந்த மரப்பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சைக் கீழே இழுப்பார். 'டக்' என்று ஒரு சத்தம். எதிரும் புதிருமாக இருந்த ஒன்பது குடித்தனமும் இருட்டாகிவிடும். பரீட்சைக்குப் படிக்கிற பையன், பாலுக்கு அழுகிற குழந்தை, தட்டின் முன்னால் அப்போதுதான் உட்கார்ந்த ஆள் என்று யாருக்காகவும் அந்த டக் காத்திருந்தது கிடையாது. ஒன்பது வீட்டுக்கும் ஒரே மீட்டர். பெட்டிச் சாவி அவர் இடுப்பில்.

திருப்பூர் மங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது அந்த லைன் வீடு. 1979-ல் குடிவந்தோம், எனக்கு எட்டு வயது. வீட்டுக்கு ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு வாடகையோடு சேர்த்தி. ரேடியோ வைத்தால் மாதம் இரண்டு ரூபாய் கூடுதல். இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. இரவு விருந்தாளி தங்கினால் மறுநாள் காலையில் அம்மாவிடம் கேள்வி வரும்: "நேத்து யாருங்க வந்தது? எத்தன நாளைக்கு இருப்பாங்க?" உப்புத் தண்ணீர் எத்தனை குடம் சேந்தினோம் என்பதும் அவருக்குத் தெரியும். திண்ணையிலிருந்து பார்த்தால் ஒன்பது வாசலும் தெரியும்படிதான் அந்த லைனைக் கட்டியிருந்தார்கள்.

அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு வந்து சேர எட்டரை, ஒன்பது ஆகும். குளித்துச் சாப்பிட்டு நிமிர்வதற்குள் பத்து. சனிக்கிழமை சம்பள நாளில் இன்னும் நேரமாகும். வார நாட்களில் அப்பாவின் முகத்தை நான் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தது தினம் ஒரு மணி நேரம்தான்.

ஒன்பது குடித்தனத்துக்கும் கழிப்பறை இரண்டு, வாசலின் கடைசியில். பத்து மணிக்கு மேல் போக வேண்டுமென்றால் சிம்னி விளக்கைப் பிடித்துக்கொண்டு துணைக்கு ஆளோடு போக வேண்டும். காற்றடித்தால் அதுவும் அணைந்துவிடும். என் அக்காவுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது ஒரு நாள் இரவு அம்மாவை எழுப்பக் கூச்சப்பட்டுக்கொண்டு தனியாகப் போனாள். துவைக்கிற கல் தடுக்கி விழுந்தாள். இடது புருவத்துக்கு மேலே நான்கு தையல். இன்றும் அவள் நெற்றியில் பொட்டு வைக்கும்போது விரல் அந்தத் தழும்பைத் தொட்டுவிட்டுத்தான் நடுவுக்கு வரும்.

வீட்டுக்காரம்மாவைக் கொடுமைக்காரி என்று எழுதினால் அது பொய். 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரே வேலைநிறுத்தம் செய்தது. 127 நாள். நான்கு மாதத்துக்கு மேல் அப்பாவுக்குக் கூலி கிடையாது. மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் வீட்டுக்காரம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, "ரெண்டு நாளா உங்க அடுப்புல பொகையவே காணமே" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து ஒரு வள்ளம் சோளம் வந்தது. அந்த நான்கு மாத வாடகையை அவர் கேட்கவும் இல்லை, பிறகு நாங்களே தவணையாகக் கொடுத்தபோது மறுக்கவும் இல்லை. விருந்தாளியை எண்ணிய அதே கண்தான் எங்கள் அடுப்பையும் கவனித்தது. இரண்டையும் சேர்த்தே நினைவு வைத்திருக்கிறேன்.

அப்பா மட்டும் ஒரே ஒரு ஆசையை விடவில்லை. "சொந்த ஊடு சின்னதா இருந்தாப் போதும். சுவிட்ச் நம்ம கையில இருக்கோணும்" என்பார்.

இதே சமயத்தில், பதினைந்து மைல் தள்ளி, அம்மாவின் அப்பா, எங்கள் அப்பிச்சி வீட்டில் வேறு மாதிரி இருட்டு இருந்தது. பெருமாநல்லூரைத் தாண்டி அவருக்கு நான்கு ஏக்கர், ஒரு கிணறு, ஐந்து குதிரை மோட்டார். அந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கரண்ட் என்பது சாதாரண விஷயம் இல்லை. 1970 ஜூனில் மின்கட்டணத்தை யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்துப் பெருமாநல்லூரில் திரண்ட விவசாயிகள் மேல் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். அந்த ஒரு பைசாவைப் பற்றிப் பேசும்போது அப்பிச்சியின் குரல் இறங்கிவிடும். பின்னால் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. ஆனால் மூன்று பேஸ் கரண்ட் எந்த நேரத்தில் வரும் என்பது மட்டும் அவர் கையில் இல்லை. ராத்திரி பன்னிரண்டுக்கு வரும், இரண்டுக்கு வரும். வீட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவே கால் மைல் தூரம். கையில் டார்ச்சும் கம்பும். பாம்புக்காகத் தரையைத் தட்டிக்கொண்டே போவார். லீவுக்குப் போன நாட்களில் நானும் கூடப் போயிருக்கிறேன். ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் மூன்று பேஸும் எரிகிறதா என்று மூன்று சின்ன பல்புகளைப் பார்ப்பார். அந்த மூன்று சிவப்புப் புள்ளிகளைத் தவிர அந்தக் காட்டில் வேறு வெளிச்சமே இருக்காது.

1998-ல் அப்பா வீடு கட்டினார். மூன்று சென்ட், ஓட்டு வீடு. மீட்டர் மாட்டிய அன்று சாயங்காலம் வீட்டுக்குள் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்து அணைத்துக்கொண்டே வந்தார். பத்து மணி ஆனது. விளக்கை அணைக்கவில்லை. பத்தரை வரைக்கும் வாசற்படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து தானே அணைத்தார்.

அந்த வீட்டை இடித்து மாடி வீடாக்கியது நான். பன்னிரண்டு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறேன். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் உண்டு. 2012-ல் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது டீசலுக்கே சம்பாதித்தேன். ஊர் முழுக்க ஜெனரேட்டர் சத்தம்தான் அப்போது. அதையும் தாண்டி வந்தாயிற்று. மூன்று வருடத்துக்கு முன்னால், கோயம்புத்தூரில் சாப்ட்வேர் வேலை பார்க்கிற என் மகன் வீட்டை 'ஸ்மார்ட்' ஆக்குவோம் என்றான். சரி என்றேன். சுவிட்ச் போர்டு மாறியது, பேசினால் கேட்கிற ஸ்பீக்கர் வந்தது, வாசல் கதவுக்கு விரல் ரேகைப் பூட்டு, கேமரா நான்கு. எல்லாமே என் போனுக்குள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. இரவில் இரண்டு தடவை எழுந்திருப்பார். அவர் கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு மூன்று மாட்டினோம். காலைக் கீழே ஊன்றியதும் முதல் விளக்கு எரியும். இரண்டு எட்டு வைத்தால் அடுத்தது. அவர் திரும்பி வந்து படுத்த ஒரு நிமிடத்தில் மூன்றும் அணைந்துவிடும். இன்டர்நெட் வேண்டாம், போன் வேண்டாம், யாரையும் கூப்பிட வேண்டாம். மாட்டிய முதல் இரவு அம்மா மூன்று தடவை போய்ப் போய் வந்தார். காலையில் என்னிடம், "உங்கக்காளுக்கு அன்னைக்கு இது இருந்திருந்தா" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

மேல் தொட்டி நிரம்பினால் மோட்டார் தானே நிற்கிறது. நல்ல தண்ணீர் பல நாளுக்கு ஒரு முறை வருகிற ஊரில் ஒரு குடம் வீணாகாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. சமையலறையில் கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒரு தடவை கத்தி, பழைய ரப்பர் குழாயை மாற்ற வைத்தது. எந்தப் பொருள் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று போன் காட்டுகிறது. நம் ஊர்க் கணக்கில் இது பெரிய உதவி. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500-ஐத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுவதில்லை, கீழே இருக்கிற யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும். ஐம்பதாவது நாளில் 440 என்று தெரிந்தால் கையைக் கட்டிக்கொள்ளலாம்.

அப்பிச்சியின் தோட்டத்தை இப்போது என் மாமா பார்க்கிறார். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. மூன்று பேஸ் கரண்ட் வந்ததும் போனுக்குத் தகவல் வருகிறது. படுத்த இடத்திலிருந்து மோட்டாரை ஓட்டுகிறார், நிறுத்துகிறார். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மோட்டார் தானே நின்றுகொள்கிறது. இதற்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் தருகிறது. பாம்பைத் தட்டிக்கொண்டு போன அந்தக் கால் மைலை ஒரு சிம் கார்டு அழித்துவிட்டது. கொங்கு நாட்டில் ஸ்மார்ட் வீடு என்று ஒன்று வந்தது என்றால் அது முதலில் கிணற்றடிக்குத்தான் வந்தது என்பேன், அங்கேதான் அதற்கு வேலையும் இருந்தது.

இனி மற்றது.

கேமராவும் வைஃபை பெட்டியும் தூங்குவதில்லை. வைஃபை பெட்டி பத்து வாட்ஸ், நான்கு கேமராவும் சேர்ந்து இருபது. இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் 43 யூனிட். இலவசமாக வரும் நூறில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. கரண்ட் மிச்சம் பிடிக்கத்தான் இதெல்லாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய ஃபேன் 75 வாட்ஸ் இழுக்கும், புது பிஎல்டிசி ஃபேன் முப்பது, முப்பத்தைந்தோடு நிற்கும். ஐந்து ஃபேனை மாற்றினால் தினம் பன்னிரண்டு மணி நேர ஓட்டத்தில் இரண்டு மாதத்துக்கு 140 யூனிட்டுக்கு மேல் குறையும். அதற்குப் பேச வேண்டிய அவசியமே இல்லை.

பேச்சு என்றதும் ஸ்பீக்கர். நாங்கள் வாங்கியதற்கு இங்கிலீஷ் தெரியும், இந்தி தெரியும், தமிழ் தெரியாது. பனியன் ஊரில், தன் மகன் கட்டிய வீட்டில், தன் மொழியில் ஒரு ஃபேனைப் போடச் சொல்ல அம்மாவால் முடியவில்லை. எதிர் லைன் வீட்டில் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்கள் பையன் மூன்றாம் வகுப்பு, கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழ் படிக்கிறான். சாயங்காலம் அம்மாவிடம் விளையாட வருவான். "கண்ணு, அதுகிட்ட ஃபேனப் போடச் சொல்லு" என்று அம்மா அவனிடம் தமிழில் சொல்வார், அவன் அதனிடம் இந்தியில் சொல்வான், ஃபேன் சுற்றும். அந்தப் பையன் கெட்டிக்காரன், எனக்கு அவன்மேல் பாசம் உண்டு. ஆனால் பழைய சுவிட்சைக் கழற்றாமல் விட்டிருந்தால் அம்மா யாரையும் எதிர்பார்த்திருக்க வேண்டாம். மறு வாரமே ஆளைக் கூப்பிட்டு அவர் அறையில் தட்டுகிற சுவிட்சைத் திரும்ப மாட்டச் சொன்னேன்.

பூட்டு ஒரு மழை நாளில் மக்கர் செய்தது. பேட்டரி இறங்கிவிட்டது. அம்மா உள்ளே, நான் வெளியே. சாவியால் திறக்கும் வழியும் அந்தப் பூட்டில் இருந்தது. ஆனால் சாவி கோயம்புத்தூரில் மகனின் மேஜை டிராயரில் இருந்தது. ஒன்றரை மணி நேரம் ஜன்னல் வழியாக அம்மாவோடு பேசிக்கொண்டு நின்றேன்.

லைன் வீட்டில் வீட்டுக்காரம்மா ஒரு தடவை பழனிக்குப் போனபோது பெட்டிச் சாவியையும் எடுத்துப் போய்விட்டார். ஃபியூஸ் போனது. இரண்டு ராத்திரி ஒன்பது குடித்தனமும் இருட்டில் கிடந்தது. 2016-ல் அமெரிக்காவில் இதேதான் நடந்தது. ரிவால்வ் என்று வீட்டுக் கருவிகளை இணைக்கிற ஒரு பெட்டி. 300 டாலர் கொடுத்து வாங்கியவர்கள் இருந்தார்கள். அதைச் செய்த கம்பெனியை வாங்கிய நெஸ்ட் நிறுவனம், அந்த வருடம் மே மாதத்தில் சர்வரை நிறுத்தியது. வீட்டில் இருந்த பெட்டி மறுநாள் வெறும் பிளாஸ்டிக். 2021 டிசம்பரில் அமேசானின் சர்வர்கள் சில மணி நேரம் படுத்தபோது, அங்கே வீட்டைக் கூட்டுகிற மெஷின்களும் வாசல் மணிகளும் வேலை செய்யாமல் நின்றன. சுவிட்ச் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது, மெயின் வேறு யாருடைய திண்ணையிலோ இருக்கிறது. அந்தத் திண்ணைக்குப் போய் நின்று கேட்க வழி கிடையாது.

கேமரா விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் கழுவ, வீடு கூட்ட ஓர் அக்கா வருகிறார். ஐம்பது வயது இருக்கும். ஹாலில் ஒரு கேமரா வைத்திருந்தோம், அம்மா விழுந்துவிட்டால் தெரிய வேண்டும் என்று. ஒரு நாள் மதியம் கம்பெனியில் ஒரு அவசர ஆர்டர், பீஸ் எண்ணிக்கொண்டிருந்தேன். போன் டிங் என்றது. திறந்தேன். அந்த அக்கா ஹாலில் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் கழித்தும். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கேட்டேன்: "மத்தியானம் என்னுங்கக்கா, ரொம்ப நேரம் உக்காந்திருந்தீங்க?"

அவர் கையில் துடைப்பம் இருந்தது. அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மேலே பார்த்தார். கேமரா எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தேடினார். கண்டுபிடித்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு சொன்னார்: "பனியன் கம்பெனியில இருவது வருசம் செக்கிங்ல நின்னனுங்க. தலைக்கு மேல கேமரா, தண்ணி குடிக்கப் போனாலும் கணக்கு. அது வேண்டாமுன்னுதானுங்க ஊட்டு வேலைக்கு வந்தேன்."

அம்மா கட்டிலிலிருந்து, "நாந்தான் சாமி உக்காரச் சொன்னேன். அவ காலு வீங்கிக் கெடக்குது" என்றார்.

வீட்டுக்காரம்மா எங்கள் வாசலைப் பார்த்தார் என்றால் எங்கள் அடுப்பையும் பார்த்தார், வந்து நின்று கேட்டார், சோளம் கொடுத்தார். நான் பார்த்தது ஹாலை மட்டும்தான். வீங்கிய கால் அதில் தெரியவில்லை. அப்பா இருபது வருடம் உழைத்து ஒரு திண்ணையின் பார்வையிலிருந்து எங்களை வெளியே கொண்டுவந்தார். நான் பணம் கொடுத்து ஒரு திண்ணையை வாங்கி, அதில் ஏறி உட்கார்ந்திருந்தேன். இதற்காக அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னுங்க" என்றார். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்தது எனக்கு மறக்காது.

நம்மைப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டு கேமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளர் வீட்டு வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2023-ல் குற்றம் சாட்டியது. அந்த நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பெட்டியில் வந்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கேமராக்களைப் பிடித்து 2016-ல் மிராய் என்ற நிரல் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொன்னார்கள். வீடு கூட்டுகிறவருக்கும் லைன் வீட்டில் குடியிருப்பவருக்கும் சேர்த்துத்தான் அந்தத் தீர்ப்பு.

ஹால் கேமராவோடு மற்ற இரண்டையும் அன்றைக்கே கழற்றினேன். கேட் கேமரா ஒன்று மட்டும் இருக்கிறது, அது இருப்பது எல்லாருக்கும் தெரியும். அம்மாவின் கழுத்தில் ஒரு அழைப்புப் பட்டன். விழுந்தால் அவரே அழுத்தலாம், அழுத்துகிறவரை யாரும் பார்ப்பதில்லை. வாசல் சாவி ஒன்று என் இடுப்புக் கயிற்றில். இரவு விளக்கு மூன்றும் அப்படியே இருக்கின்றன.

எங்கள் தெருவைச் சுற்றி இன்றும் லைன் வீடுகள்தான். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், தேனி, மதுரை என்று ஆட்கள் மாறியிருக்கிறார்கள். பல லைன்களில் இன்னும் ஒரே மீட்டர்தான். அரசு தரும் 100 யூனிட் அந்தக் குடித்தனங்களுக்கு எட்டுவதில்லை, ஓனர் சொல்லும் ரேட்டுக்குக் காசு கொடுக்கிறார்கள். மெயின் பெட்டி இருந்த இடத்தில் இப்போது கேமரா இருக்கிறது. போன வாரம் ஒரு லைனுக்குள் பீஸ் கொடுக்கப் போயிருந்தேன். வாசலைப் பார்த்து இரண்டு கேமரா. கடைசியில் கழிப்பறைக்குப் போகும் பாதையில் ஒரு பல்புகூட இல்லை.

லைன் வீடு வைத்திருக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி மீட்டர் வாங்கிக் கொடுங்கள். அதற்கு நாளாகும் என்றால், கழிப்பறைக்குப் போகும் வழியில் ஆள் வந்தால் தானே எரிகிற பல்பு ஒன்று மாட்டுங்கள். ஐநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.